47 எழுதினவளும் அழுதாள், 44 எழுதினவளும் அழுதாள்

பிளஸ் டூ உயிரியல் தேர்வு மதியம் ஒன்றேகாலுக்கு முடியும். ஒன்றரைக்குள் பள்ளி கேட்டுக்கு வெளியே யாராவது ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். பல வருடமாக விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் தேர்வு நாளில் அந்தப் புங்கை மரத்தடியில் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கிளைன்ஃபெல்டர் என்பது ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் குறைபாடு. அதில் மொத்தம் எத்தனை குரோமோசோம் என்பது பற்றி ஒரு வருடம் கேட்ட பேச்சு இது.

"கிளைன்ஃபெல்டருக்கு என்னடி போட்ட?"

"47."

"அய்யோ, நான் 44 போட்டுட்டேனே!"

44 போட்டவள் உடனே அழத் தொடங்கிவிட்டாள். 47 போட்டவளுக்கும் முகம் வெளிறிவிட்டது. அழுகிறவள்தான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள், அவள் தப்பாக எழுதுவாளா என்ற பயம். கொஞ்ச நேரத்தில் அவளும் கண்ணைத் துடைத்தாள். நான் போய் 44 போட்டவளிடம், "எழுதினதை எழுதினபடியே சொல்லு" என்றேன். "44 கூட்டல் எக்ஸ் எக்ஸ் ஒய், மிஸ்." "எக்ஸ் எக்ஸ் ஒய் எத்தனை குரோமோசோம்?" "மூணு." 44-ஐயும் மூன்றையும் கூட்டிச் சொல்லக்கூட அவள் நிற்கவில்லை. பேனா பவுச்சாலேயே தோழியின் தோளில் ஒரு அடி வைத்தாள்.

விடையை ஒப்பிட்டுப் பார்க்காதே என்று ஊரே அறிவுரை சொல்லும். எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் என் காலத்தில் கேட்கவில்லை. பார்க்கட்டும். ஆனால் வாசலில் நின்று பார்க்கப்படுவது பெரும்பாலும் விடையே இல்லை. விடையிலிருந்து பிய்ந்து வந்த ஒரு எண், ஒரு சொல். கேள்வி என்ன என்பதை விட்டுவிட்டு அதை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உயிரியலில் இந்தக் கண்ணி நிறையவே உண்டு. தாவரவியலில் முதிர்ந்த கருப்பையை, அதாவது பூவின் சூலுக்குள் முட்டை செல் இருக்கும் பையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் 7 என்பான், இன்னொருவன் 8 என்பான். முட்டை செல் ஒன்று, சினெர்ஜிட் இரண்டு, எதிரடிச் செல் மூன்று, நடுவில் மைய செல் ஒன்று: செல்கள் 7. மைய செல்லுக்குள் துருவ உட்கரு இரண்டு இருப்பதால் உட்கருக்கள் 8. கேள்வி செல்லைக் கேட்டதா, உட்கருவைக் கேட்டதா என்று வினாத்தாளைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரை சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். டிஎன்ஏவில் அடுத்தடுத்த கார இணைகளுக்கு இடையே 0.34 என்று ஒருத்தி, 3.4 என்று ஒருத்தி. முதலாவது நானோமீட்டர், இரண்டாவது ஆங்ஸ்ட்ராம்; தூரம் ஒன்றேதான். அலகை எழுதாமல் விட்டவள் வேண்டுமானால் கவலைப்படலாம். பட்டாணியில் ஒருபண்புக் கலப்பின் இரண்டாம் தலைமுறைக்கு 3:1 என்பவன் புறத்தோற்றத்தைச் சொல்கிறான், 1:2:1 என்பவன் ஜீனாக்கத்தை, அதாவது உள்ளே இருக்கும் ஜீன் சேர்க்கையைச் சொல்கிறான். அந்திமந்தாரைக்கு வந்தால் இரண்டுமே 1:2:1 ஆகிவிடும். பட்டாணிக் கேள்விக்கு அந்திமந்தாரை விடையை நினைவில் வைத்துக்கொண்டு அழுத பையனையும் பார்த்திருக்கிறேன். அவன் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது.

இங்கேதான் இன்னொரு சங்கதி. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைக்கு, தான் எழுதியது முழுசாக நினைவில் இருக்காது. எழுத நினைத்தது, எழுதி அடித்தது, பக்கத்துக் கேள்விக்கு எழுதியது எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வினாத்தாளில் பதிவு எண் தவிர எதுவும் எழுதாதே என்று ஹாலில் சொல்லிவிடுவதால், டிக் போட்டுக்கொண்டு வரவும் வழியில்லை. தோழி உறுதியான குரலில் 'சி'தான் என்றால், தான் 'பி' எழுதியதாகவே ஒருத்திக்குத் தோன்றிவிடும். பார்த்தே தீர வேண்டுமென்றால், யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஓரமாக உட்கார்ந்து ஒரு மார்க் விடைகளை மட்டும் வினாத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தாவரவியல் 8, விலங்கியல் 8, மொத்தம் 16. ஐந்து நிமிட வேலை. அதன்பிறகு யாரோடு வேண்டுமானாலும் ஒப்பிடலாம். அப்போதும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டால் இன்னும் நல்லது, அது சத்தம் போடாது.

சாய்ஸை மறப்பது அடுத்த தவறு. தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றும் 35 மதிப்பெண். இரண்டு மார்க் கேள்விகளில் ஆறுக்கு நான்கு எழுதினால் போதும். மூன்று மார்க்கில் ஐந்துக்கு மூன்று, அதில் ஒன்று கட்டாயம். ஐந்து மார்க் இரண்டும் 'அல்லது' போட்டு வருபவை. "அந்தப் படம் வரையலையாடா நீ?" என்று ஒருவன் கேட்டவுடனே இன்னொருவனுக்கு அடிவயிறு கலங்கும். அவன் 'அல்லது'க்குக் கீழே இருந்ததை எழுதியிருப்பான், அது அந்த நிமிடத்தில் ஞாபகத்துக்கே வராது. கட்டாயக் கேள்வியை எழுதினோமா என்று மட்டும் சரிபாருங்கள். மற்றபடி அடுத்தவன் எழுதியதை நீங்கள் எழுதாதது ஒரு குற்றமில்லை.

பக்கக் கணக்கை ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிஷனல் ஷீட் எத்தனை வாங்கினாய் என்பது கல்யாண வீட்டில் எத்தனை பந்தி என்று கேட்பது மாதிரி. விடைக்குறிப்பு கருத்துக்கும், படத்துக்கும், பாகம் குறித்ததற்கும்தான் மதிப்பெண் பிரித்துக் கொடுக்கிறது.

அந்தப் பிரிப்புதான் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. ஐந்து மார்க் விடையில் ஒரு கருத்து விட்டுப்போனால், தங்கள் மனக்கணக்கில் ஐந்தையுமே கழித்துவிடுகிறார்கள். வாசலிலேயே ஒரு மாணவி தனக்கு 70-க்கு 41 என்று கணக்குப் போட்டு முடித்திருந்தாள். உட்கார வைத்துக் கேள்வி கேள்வியாகக் கேட்டேன். முழுசாகப் போனது என்று அவள் கழித்தவற்றில் பலவற்றுக்கு வரையறையும் படமும் எழுதித்தான் இருந்தாள். இன்னொன்றையும் அவள் மறந்துவிட்டாள்: செய்முறைத் தேர்வின் 20-ம் அகமதிப்பீட்டின் 10-ம் எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்துபோன விஷயம். தோல்விப் பயத்தில் இருப்பவர்களுக்கும் இதுதான் பதில். எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, எல்லாம் சேர்த்து 35, அவ்வளவுதான் தேவை. ஒரு மார்க் விடை விஷயத்தில் மட்டும் நான் கறாராகவே சொல்வேன். குறியீடு, விடை இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகாமல் எழுதியிருந்தால் அந்த ஒன்று போனதுதான்.

வாட்ஸ்அப்பில் வரும் விடை 'கீ'க்கு வருவோம். மதியம் மூன்று மணிக்குள் நாலைந்து வந்துவிடும். அவசரத்தில் யாரோ டைப் செய்தது. வினா எண் மாறியிருக்கும், சில சமயம் விடையே தப்பாக இருக்கும், அதை ஐம்பது குரூப்புக்கு ஃபார்வர்டும் செய்திருப்பார்கள். நானே ஒருமுறை அவசரத்தில் தப்பான விடை அனுப்பிவிட்டு, அதைத் திருத்துவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் குழப்பம்: ஜீன் என்று எழுதியவள், கீயில் மரபணு என்று பார்த்துப் பதறுகிறாள். திருத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதிகாரபூர்வமான விடையிலேயே சிக்கல் வருவதுண்டு. 2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றிய ஒரு இயற்பியல் கேள்விக்கு, பழைய பாடப்புத்தகப் பதிப்பைப் படித்தவர்களைக் கருதி, தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, கடைசியில் ஒரு விடைதான் சரி என்று முடிவானது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்த இழுபறி என்றால், டீக்கடை பெஞ்சில் வைத்துத் தீர்ப்பு எழுத முடியுமா?

ஒப்பிடுவது உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. கேள்வியே தப்பாக இருந்தால், அல்லது பாடத்தில் இல்லாததாக இருந்தால், நாலு பேர் பேசும்போதுதான் அது வெளியே வரும். அழுவதை விட்டுவிட்டு வினாத்தாளோடு அன்றைக்கே உங்கள் பாட ஆசிரியரிடம் போங்கள். விடைத்தாள் திருத்தம் தொடங்குவதற்கு முன் அவர்கள் பேச வேண்டிய இடத்தில் பேச முடியும். அப்படிப்பட்ட கேள்விக்கு மதிப்பெண் கொடுக்க முடிவானாலும், அதை எழுத முயன்றவர்களுக்கு என்றுதான் பெரும்பாலும் வரும். தெரியாத கேள்விக்கும் எண்ணைப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள் என்று நாங்கள் கத்துவது அதற்காகத்தான்.

யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நீட் வந்தபிறகு எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண் கணக்கில் வருவதில்லை; ஆனால் நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகளுக்கு உயிரியல் மதிப்பெண்தான் பெரிய பங்கு. ஒருத்திக்கு இரண்டு மார்க் போனால் ஒன்றுமில்லை, பக்கத்தில் நிற்பவளுக்கு அதுவே கல்லூரியை மாற்றிவிடும். "போனா போகுது விடுடி" என்று சொல்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உயிரியலுக்குப் பிறகு இன்னொரு தேர்வு பாக்கி இருக்கிற வருடங்களில், இந்தப் பேச்சு வீடு வரை வந்தால் ராத்திரிப் படிப்பு போய்விடும். அப்பாக்களே, பைக்கில் ஏறியவுடன் "சென்டம் வருமா?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அதற்குப் பதில் அவர்களுக்குத் தெரியும்.

வினாத்தாளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். முடிவு வந்தபின் மதிப்பெண் சந்தேகமாக இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்த்தபிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். உண்மையான ஒப்பீடு அன்றைக்குத்தான், அதுவும் உங்கள் கையெழுத்தோடு. கட்டாயக் கேள்வியை எழுதவே இல்லை என்று இரண்டு மாதம் சரியாகத் தூங்காமல் இருந்த என் மாணவி ஒருத்தி நகல் வாங்கினாள். என் மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். கடைசிக்கு முந்தின பக்கத்தில், எண் போட்டு, அடிக்கோடு போட்டு, படத்தோடு அந்த விடை உட்கார்ந்திருந்தது. மூன்றுக்கு மூன்று.