நர்சிங், ரீஹாப் இல்லம் தேடுகிறீர்களா? பெரியவரைச் சேர்ப்பதற்கு முன் தரத்தை நீங்களே சோதிப்பது எப்படி

பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், ஐ.சி.யு.வில் நாள்கணக்கில் கிடந்து உடம்பு தளர்ந்தவர் என்று பலரை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் செய்யும்போது, நேரே வீட்டுக்குக் கூட்டிப்போக முடிவதில்லை. வீட்டில் மாடிப்படி இருக்கும், கழிப்பறை குறுகலாக இருக்கும், பகலில் ஆள் இருக்கமாட்டார்கள். இவர்களுக்காகவே சென்னை, கோவை போன்ற ஊர்களில் நர்சிங் பராமரிப்பும் பிசியோதெரபியும் சேர்ந்த இல்லங்கள் நிறைய வந்துவிட்டன. எது நல்லது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

அமெரிக்காவில் 2008 முதல் நர்சிங் ஹோம்களுக்கு அரசே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து இணையத்தில் வெளியிடுகிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. கூகுள் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வந்தவர்கள், அங்கே படுத்திருப்பவர்கள் அல்ல. எழுந்து நடக்க முடியாத, வாய்விட்டுக் கேட்க முடியாத ஒருவரை அந்த இல்லம் எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் என் அளவுகோல். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: முதலில் தேவையை எழுதுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்? வாய்வழியாகச் சாப்பிடலாமா, சாப்பாடு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? யூரின் ட்யூபை எப்போது எடுக்க வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, அதற்கு என்ன டெஸ்ட், எத்தனை நாளுக்கு ஒருமுறை?

அப்புறம் ஒரு தாளில் ஆறு விஷயங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தானாகச் செய்கிறாரா, உதவி வேண்டுமா என்று குறியுங்கள். முதியோர் மருத்துவத்தில் ஒருவர் எவ்வளவு பிறரைச் சார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது இந்த ஆறையும் வைத்துத்தான்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள், கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த 200 படுக்கை அரசு முதியோர் மருத்துவமனையில் ஒருமுறை காட்டி ஆலோசனை கேட்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்கக் கொஞ்சமாவது வழி இருக்கிறதென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லோருக்கும் இல்லம் தேவைப்படாது.

படி 2: போனிலேயே வடிகட்டுங்கள்

இணையத்தில் வெறுமனே ரீஹாப் என்று தேடினால் குடி மறுவாழ்வு மையங்களாக வந்து விழும். ஸ்ட்ரோக் ரீஹாப், ட்ரான்சிஷன் கேர் (ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவிலான பராமரிப்பு), முதியோர் நர்சிங் பராமரிப்பு என்று தேடுங்கள். கிடைத்த இடங்களுக்குப் போன் செய்து, படி 1-இல் எழுதிய தாளை அப்படியே படித்துக் காட்டுங்கள். "எல்லாம் பாத்துக்குவோம் சார், கூட்டிட்டு வாங்க" என்று சொல்கிற இடத்தைவிட, "மூக்குக் குழாய் இருக்கா? சுகர் எவ்வளவு? புண் ஏதாவது இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிற இடம் மேல்.

படி 3: காகிதங்கள்

மருத்துவ சிகிச்சை தருகிற இடம் என்றால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். முதியோர் இல்லமாக நடத்தினால் சமூக நலத்துறைப் பதிவைக் கேளுங்கள். அவை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

இதைவிட முக்கியம், நர்ஸ் என்று உங்களுக்குக் காட்டப்படுபவர் உண்மையில் யார் என்பது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம். படித்து முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். சில வாரப் பயிற்சி எடுத்த அட்டெண்டருக்கும் அதே வெள்ளை உடுப்பு போட்டுவிடும் இடங்கள் உண்டு. அட்டெண்டர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பாதிப் பராமரிப்பு அவர்கள் கையில்தான் நடக்கிறது. ஆனால் இன்சுலின் போடுவதும் ட்யூப் மாற்றுவதும் அவர்கள் வேலை இல்லை. "ஒவ்வொரு ஷிஃப்டிலும் பதிவு பெற்ற நர்ஸ் எத்தனை பேர்?" என்று நேராகக் கேளுங்கள்.

படி 4: இரண்டு தடவை போங்கள், இரண்டாவது தடவை சொல்லாமல்

முதல் தடவை காலையில், சொல்லிவிட்டுப் போகலாம். ரிசப்ஷன், தோட்டம், பூஜை அறை எல்லாம் காட்டுவார்கள். இரண்டாவது தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். ஆள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். உள்ளே விடவே மறுத்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

உள்ளே போனதும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். ஒரு அறையில் சிறுநீர் வாடை என்றால் அப்போதுதான் நனைந்திருக்கும், அது குற்றமில்லை. நடைபாதை முழுக்க அடித்தால் டயாபரை நேரத்துக்கு மாற்றவில்லை. எல்லா இடத்திலும் பினாயில் தூக்கலாக மணத்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் அங்கே இருக்கும் பெரியவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, கண்ணாடியும் பல்செட்டும் போட்டிருக்கிறார்களா, தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? காலை பதினொரு மணிக்குப் பாதிப் பேராவது நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் படுக்கையிலேயே இருந்தால் அங்கே மறுவாழ்வு நடக்கவில்லை. ஒருவர் மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பேச்சுக்கு நடுவே கவனியுங்கள். ஊழியர்கள் பெரியவர்களை அம்மா, ஐயா, பாட்டி என்று கூப்பிடுகிறார்களா, "வா, போ" என்கிறார்களா என்பதும் காதில் விழும்.

கழிப்பறைக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள். கைப்பிடி, உயரமான கமோடு, வழுக்காத தரை வேண்டும். கதவு 90 செ.மீ. அகலம் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

படி 5: படுக்கைப்புண் பற்றிக் கேளுங்கள்

ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: "இப்போது இங்கே படுக்கைப்புண்ணோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதில் இங்கே வந்த பிறகு வந்தது எத்தனை பேருக்கு?"

ஒரே இடத்தில் உடம்பின் எடை அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் மாட்டும். சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே இருப்பது முதல் அறிகுறி. மாநிறமான, கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, இன்னும் கருமையாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இதை ஒரு நர்ஸ் தானாகச் சொன்னார் என்றால் அந்த இடத்தின் மேல் எனக்கு மதிப்பு வரும்.

தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு ஒரு சார்ட் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் அத்தைக்காக இடம் தேடியபோது ஓர் இல்லத்தில் மதியம் மூன்று மணிக்கே மாலை ஆறு மணி வரை டிக் அடித்து வைத்திருந்தார்கள். அந்தச் சார்ட்டைப் பார்த்த பிறகு மற்ற எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஏர் பெட் போட்டிருக்கோம், புண் வராது" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று நிரப்பிய அந்த மெத்தை உதவும், ஆனால் திருப்புகிற வேலையை அது செய்யாது. "பவுடர் போட்டு நல்லா தேய்ச்சு விடுவோம்" என்ற பதிலும் தவறு. சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சேதம் கூடும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் பழைய பழக்கம். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அழுத்திவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பதை அது காட்டிவிடும்.

படி 6: இரவைப் பற்றிக் கேளுங்கள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் எத்தனை பேர் வேலையில், எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? இருபது பேர் உள்ள மாடியில் பத்துப் பேர் தானாகப் புரள முடியாதவர்கள் என்று வையுங்கள். ஒருவரைத் திருப்பி, டயாபர் மாற்றி, துடைத்துவிடப் பத்து நிமிடம் என்றால், இரண்டு மணி நேரத்தில் நூறு நிமிடம் அதிலேயே போய்விடும். அதற்கும் இரண்டு ஆள் வேண்டும். ஒரே ஒரு அட்டெண்டர் இருந்தால் இரவில் யாரையும் திருப்பவில்லை என்றுதான் அர்த்தம்.

ராத்திரி இரண்டு மணிக்கு வாய் கோணினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையில டாக்டர் வந்து பாப்பாரு" என்பது பதில் அல்ல. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆம்புலன்ஸ், கூடப் போவது யார், உங்களுக்கு யார் போன் செய்வார் என்று நாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

படி 7: பிசியோதெரபி நடக்கும்போது நின்று பாருங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதனால் இந்தப் படியில் ஏமாந்தால் போன காலம் திரும்பாது. படுத்திருப்பவரின் கையையும் காலையும் ஆட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் அடுத்தவரிடம் போகிறாரா, அல்லது எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, அவரையே செய்ய வைக்கிறாரா? பிசியோதெரபிஸ்ட் இல்லத்தின் சம்பள ஆளா, வந்துபோகிறவரா? தினம் எவ்வளவு நேரம், ஞாயிறு உண்டா?

முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு, அன்றாட வேலைகளைத் தானே செய்வதற்குப் பூஜ்யத்திலிருந்து 100 வரை மதிப்பெண். சேரும்போது ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நடக்கிறவர் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எடுக்கும் நேரம். 12 விநாடிக்கு மேல் என்றால் விழும் அபாயம் அதிகம். "நல்லா இம்ப்ரூவ் ஆகறார்" என்பதை வைத்துக்கொண்டு பணம் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும். பேச்சோடு விழுங்குவதையும் சோதிப்பது அவர்தான்.

படி 8: சாப்பாடும் மருந்தும்

சாப்பாட்டு நேரத்தில் போங்கள். படுக்க வைத்தபடியே ஊட்டினால் உணவு நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்து, காலை டிபன் எட்டரைக்கு என்றால் நடுவில் 14 மணி நேரம். சர்க்கரைக்காரருக்கு அது ஆபத்து. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா? ஒரே மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால் யாராவது காரணம் தேட வேண்டும்.

பகலில் கூடத்தில் எல்லோரும் தலை தொங்கிக் கிடந்தால், தூக்க மாத்திரை எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ட்யூபைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்களா, யார் உத்தரவில், எவ்வளவு நேரம் என்பதையும் கேளுங்கள். எங்களைக் கேட்காமல் கட்டக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: பணம்

மாதக் கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி? டயாபர், பிசியோ, டாக்டர் விசிட், ஏர் பெட் வாடகை, தனி அட்டெண்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்? மெடிக்ளெய்ம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். விலக்குகள் பட்டியலில் எக்ஸ்க்ளூஷன் 05 என்ற எண்ணில் ஓய்வு, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்புச் செலவுகள் இருக்கும்.

படி 10: சேர்த்த பிறகு

சேர்க்கும் அன்றே நர்ஸோடு சேர்ந்து உடம்பு முழுக்கப் பார்த்து, இருக்கிற காயங்களைப் படமெடுத்து, எடையையும் எழுதுங்கள். காது மெஷின், பல்செட், கண்ணாடி எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள். இவை அடிக்கடி காணாமல் போகும். முதல் மாதம் வேறு வேறு நேரத்தில் போங்கள், போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பினால் "வயசாச்சு" என்ற பதிலை ஏற்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, நெஞ்சுச் சளியோ, புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

குறை இருந்தால் முதலில் நர்சிங் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடமே கேளுங்கள்: "ராத்திரி கூப்பிட்டா யாராவது வர்றாங்களா?"