கோடை லீவுல நம்ம சொந்த வேலைங்களுக்கு டைம் ஒதுக்குறது எப்படி? (புது டீச்சர்களுக்கு)

ஏப்ரல் வந்தாலே மனசுக்குள்ள ஒரு லிஸ்ட் ஓடும், தையல் கத்துக்கணும், மாடித்தோட்டம் போடணும், வடகம் போடணும், போன்ல கிடக்குற போட்டோவெல்லாம் ஆல்பமா மாத்தணும்னு. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது பார்த்தா பாதி கூட முடிஞ்சிருக்காது. சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, லீவே நாம நினைக்குற அளவுக்கு நீளம் கிடையாது, அவ்ளோதான்.

ஸ்டெப் 1: மாசக் காலண்டரையும் ஒரு சிவப்பு பேனாவையும் எடுங்க. பேப்பர் திருத்துற நாள், ட்ரெயினிங், அட்மிஷன் டியூட்டி, ஊர்த் திருவிழா, கண்டிப்பா போயாக வேண்டிய கல்யாணம் எல்லாத்தையும் அடிச்சிடுங்க (முகூர்த்த நாள் காலண்டர்லயே போட்டிருக்கும், பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்). ஸ்கூல் திறக்குறதுக்கு முந்தின வாரத்தையும் அடிங்க, அது யூனிஃபார்ம், நோட்டு, அட்டை போடுறதுலயே போயிடும். மிச்சம் இருக்குறதுதான் உங்க லீவு.

ஸ்டெப் 2: லிஸ்ட்ல மூணே மூணு வேலை வைங்க. எதை வைக்குறதுன்னா, ஸ்கூல் நடக்கும்போது செய்யவே முடியாததை முதல்ல. புத்தகம் படிக்குறது எப்ப வேணா நடக்கும்.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம், வெயிலை வச்சு பிரிங்க. மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் கத்திரி. வடகத்துக்கு அது வரம், விடியக்காலைல கூழ் கிண்டி ஏழு மணிக்குள்ள மாடில பிழிஞ்சிட்டா மத்ததை வெயில் பார்த்துக்கும், ஆனா கோடை மழை எப்ப வரும்னு தெரியாது, அதனால மாசக் கடைசிக்குத் தள்ளாதீங்க. மாடித்தோட்டத்துக்கு அதே வெயில் எமன். மே மாசத்துல நாத்து வாங்கி வச்சு வாடிப் போச்சேன்னு புலம்புறவங்க நிறைய பேரு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? லீவுல தொட்டி வாங்குங்க, செம்மண்ணு, தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் கலந்து ரெடியா வைங்க, விதை போட ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போதும். மதியம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் ஃபேனுக்கு அடியில உக்காந்து செய்யுற வேலை, தையல், ஆல்பம் மாதிரி. கரண்ட் போகும், லேப்டாப்பை காலைலயே சார்ஜ் போட்டுடுங்க.

ஸ்டெப் 4: "தையல் கத்துக்கணும்"னு எழுதாதீங்க, அது முடியவே முடியாது. "பாப்பாவுக்கு ஒரு பாவாடை"ன்னு எழுதுங்க.

ஸ்டெப் 5: வேலையை பாதில வைக்கும்போது அடுத்து என்ன செய்யணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அதுமேலயே குத்தி வைங்க. நடுவுல விருந்தாளி வந்து நாலு நாள் போனாலும், எங்க விட்டோம்னு தேடாம உக்காந்த உடனே ஆரம்பிச்சிடலாம்.

மே கடைசில புதுசா எதையும் தொடாதீங்க. முடியாம நிக்குறதை ஒரு பைல போட்டு கட்டி வைங்க, காலாண்டு லீவு வருதுல்ல.