ரீஃபண்ட் வரவில்லையா? முதலில் பாஸ்புக்கில் உங்கள் பெயரைப் பாருங்கள்

அம்மாவின் எஃப்டி வட்டியில் வங்கி பிடித்த டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) 14,310 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு அம்மாவுக்கு வருமானமே கிடையாது. ஏப்ரலில் 15எச் படிவம் (வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குத் தரும் உறுதிமொழி) கொடுக்க நான் மறந்ததால் வந்த வினை. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போட்டேன். ஆடி போய் ஆவணியும் போனது, பணம் வரவில்லை. "எனக்கு வர வேண்டியதை நீ வாங்கிச் செலவு பண்ணிட்டியா?" என்று அம்மா கேட்கும் அளவுக்குப் போனது. தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் வந்து சேர்ந்தது. நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். போர்ட்டலில் நுழைவது, ஓடிபி போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி.

படி 1: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டலில் இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், வியூ ஃபைல்ட் ரிட்டர்ன்ஸ் என்று போனால் ஒவ்வொரு வருடத்து ரிட்டர்னும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். இதைக் கணினியில் செய்யுங்கள். போனில் பாதித் திரை மறைந்து, முக்கியமான வரி கண்ணில் படாமலே போய்விடும்.

வெரிஃபிகேஷன் பாக்கி என்று இருந்தால் தவறு உங்களுடையது. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் சரிபார்த்துவிட வேண்டும் (முன்பு 120 நாள் இருந்தது, 2022 ஆகஸ்டில் குறைத்துவிட்டார்கள்). ஆதார் ஓடிபி போதும், ஒரு நிமிட வேலை. படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பும் வழியும் இருக்கிறது. ஆதாரில் மொபைல் எண் இணைக்காதவர்களைத் தவிர யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

சரிபார்த்த பிறகு பணம் வரச் சாதாரணமாக நான்கைந்து வாரம் ஆகும். அதற்குள் பதற வேண்டாம்.

படி 2: 143(1) கடிதத்தைத் திறந்து படியுங்கள்

பெங்களூரில் உள்ள மையம் ரிட்டர்னைப் பரிசீலித்து முடித்ததும் மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வரும், அதுதான் 143(1) கடிதம். பாஸ்வேர்டு: பான் எண் சிறிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில், இடைவெளி இல்லாமல். நீங்கள் சொன்ன கணக்கும் அவர்கள் போட்ட கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடைசி வரியில் ரீஃபண்ட் குறைந்திருந்தால் டிடிஎஸ் தொகை 26ஏஎஸ் படிவத்தோடு (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பழைய வருடத்து வரி பாக்கி ஏதாவது இருந்தால் 245ஆம் பிரிவின்படி ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு முன் தகவல் அனுப்பி 21 நாள் அவகாசம் தருவார்கள். பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அந்த பாக்கியை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று பதில் போட வேண்டும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படி 3: வங்கிக் கணக்கு. நான் விழுந்த பள்ளம் இதுதான்

அம்மாவின் 143(1) ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஐந்து மாத வட்டி 357 ரூபாயும் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 14,670 என்று போட்டிருந்தது. ஆனால் ரீஃபண்ட் ஃபெயில்ட்.

ப்ரொஃபைலில் மை பேங்க் அக்கவுண்ட் பகுதியைத் திறந்தால் காரணம் தெரிந்தது: பெயர் பொருந்தவில்லை. பானில் அம்மா "கமலா ராமசாமி". ராமசாமி என் தாத்தா. பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதியே ஆக வேண்டும் என்பதால் அப்படி. பாஸ்புக்கிலோ "எஸ். கமலா". அந்த எஸ் என் அப்பா சுப்பிரமணியன். கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியல், பின் ஒரு இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் பாதி வீடுகளில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கும்.

எதை மாற்றுவது? என் கட்சி: வங்கியில் மாற்றுங்கள், பானைத் தொடாதீர்கள். பானை மாற்றினால் ஆதாரோடு முட்டும், அப்புறம் அதைச் சரிசெய்ய இன்னொரு அலைச்சல். பான், ஆதார் இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய், கேஒய்சி படிவத்தில் "பெயர் பானில் உள்ளபடி" என்று எழுதிக் கொடுங்கள். கணக்கோடு பான் இணைந்திருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள்.

நான் கொடுத்துவிட்டு வந்து, மறுநாளே போர்ட்டலில் ரீவேலிடேட் (கணக்கை மறுபடி சரிபார்க்கும் பொத்தான்) அழுத்தினேன். மறுபடி ஃபெயில்ட். பத்து நாள் கழித்துக் கிளைக்குப் போனால், படிவம் மேசை டிராயரிலேயே தூங்குகிறது. அதனால் முத்திரையிட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். பாஸ்புக்கில் புதுப் பெயர் அச்சாகி வந்த பிறகு மட்டும் ரீவேலிடேட் செய்யுங்கள். வேலிடேட்டட் என்று வந்ததும் "ரீஃபண்டுக்கு நாமினேட்" என்ற சிறு பொத்தானை இயக்க வேண்டும். அதுவும் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

படி 4: மறுபடி கேளுங்கள்

கணக்கு சரியானதும் பணம் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சர்வீசஸ் மெனுவில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ இருக்கிறது. வருடத்தையும் கணக்கையும் தேர்ந்தெடுத்து, கடைசியில் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்க்க வேண்டும். பலர் ஓடிபிக்கு முன்பே பக்கத்தை மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எங்களுக்கு இதன் பிறகு 12 நாளில் வந்தது.

படி 5: எல்லாம் சரி, இருந்தும் வரவில்லை

போர்ட்டலிலேயே கிரீவன்ஸ் பகுதியில் புகார் போட்டு, எண்ணைக் குறித்து வையுங்கள். இன்னும் பரிசீலனையே முடியவில்லை என்றால் சட்டப்படி அவர்களுக்கு நேரம் உண்டு: ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். 2025 ஜூலையில் போட்டதற்கு 2026 டிசம்பர் 31 வரை. அவ்வளவு இழுப்பது அபூர்வம்தான்.

தாமதத்துக்கு 244ஏ பிரிவில் மாதம் அரை சதவீத வட்டி உண்டு. நம்மால் ஏற்பட்ட தாமதத்துக்கு அதைக் கேட்க முடியாது, அதனால் பெயர்க் குழப்பத்தில் போன மாதங்களுக்கு நான் வாய் திறக்கவில்லை. ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் வட்டியே இல்லை. வந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் எழுதியதால் சேர்க்கிறேன். ஒருவருக்கு வங்கி இணைப்பில் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) மாறியிருந்தது. லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் டிபிஎஸ்ஸோடு சேர்ந்தது நினைவிருக்கும். அப்படிப் பழைய வங்கியின் கணக்கு என்றால் போர்ட்டலில் புதுக் குறியீட்டோடு மறுபடி சேர்க்க வேண்டும். இன்னொருவர் ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்திருந்தது; 2023 ஜூலையிலிருந்து அப்படிப்பட்ட பானுக்கு ரீஃபண்ட் கொடுப்பதில்லை, 1,000 ரூபாய் கட்டி இணைத்தாக வேண்டும். மூன்றாமவருக்கு "ரீஃபண்ட் தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அழுத்த வேண்டாம். திருட்டு வேலை அது.

அம்மா பணம் வந்த அன்றே இன்னொரு எஃப்டி போட்டுவிட்டார். இந்த முறை 15எச் படிவத்தை நான் மார்ச் மாதமே எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.