படத்துக்குப் பத்து ரூபாய்

என் மகள் ஆறு வயதில் யாரும் சொல்லாமலே வரைந்து தள்ளுவாள். காலண்டர் பின்பக்கம், பால் கணக்கு நோட்டு, எதுவும் மிஞ்சாது. உற்சாகப்படுத்தலாமே என்று படத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். இரண்டே வாரத்தில், ஒரு வட்டம், இரண்டு கோடு போட்டுவிட்டு "அப்பா, காசு" என்று கை நீட்டினாள். என்னிடம் சில்லறை இல்லாத அன்று ஸ்கெட்ச் பேனாவையே தொடவில்லை. மனசு வலித்தது.

1973-இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் நர்சரிப் பிள்ளைகளிடம் கண்டதும் இதுதான். பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது ஏறக்குறையப் பாதியானது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

காசை நிறுத்தினேன். முதல் வாரம் அழுகை. பக்கத்தில் உட்கார்ந்து, "மாட்டுக்கு ஏன் நீலக் கொம்பு?" என்று மட்டும் கேட்பேன். ஒரு மாதம் பிடித்தது. நேற்று கரண்ட் பில்லின் பின்னால் ஒரு மயில்.