பருவுக்கு பீல் பண்ணப் போறீங்களா? மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க

ஸ்கின் டாக்டர் கெமிக்கல் பீல் (ஆசிட் தடவி மேல்தோலை உரிய வைக்கிறது) பண்ணலாம்னு சொன்னதும் அடுத்த நாளே போய் படுத்துடாதீங்க. நம்ம மாநிறத் தோல்ல பருவை விட பெரிய தலைவலி, பீலுக்கு அப்புறம் தோல் எரிஞ்சு வர்ற கருப்புத் திட்டுதான், வந்துச்சுன்னா மாசக்கணக்குல போகாது. அதான் 2-லேர்ந்து 4 வாரம் முன்னாடியே தோலைப் பழக்குறாங்க, பிரைமிங்னு சொல்வாங்க.

முதல் வேலை சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30-ஆவது இருக்கணும், ஆள்காட்டி விரல் நடுவிரல் ரெண்டுலயும் நீளமா ஒவ்வொரு கோடு பிதுக்கினாதான் முகத்துக்கும் கழுத்துக்கும் பத்தும், பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வச்சுட்டு நானும் போட்டேன்னு சொன்னா எப்படி? வெயில்ல காய்ஞ்சு கறுத்துப்போய் வந்தா நல்ல டாக்டர் பீலைத் தள்ளிப் போட்டுடுவாங்க.

ராத்திரிக்குத் தடவ ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் இல்லன்னா அடாபலீன் எழுதித் தருவாங்க, இதுக்குத்தான் பட்டாணி அளவு, மொத்த முகத்துக்கும் சேர்த்து. இது மேல்தோலை ஒரே சீரா ஆக்கி வைக்கும், அப்பதான் ஆசிட் ஒரு இடத்துல ஆழமா இன்னொரு இடத்துல மேலோட்டமான்னு இல்லாம சமமா இறங்கும். ஆனா பீலுக்கு சில நாள் முன்னாடி இதை நிறுத்தணும், எத்தனை நாள்னு உங்க டாக்டர் கிட்டயே கேட்டுக்கோங்க, அவங்க போடப்போற ஆசிடையும் உங்க தோலையும் பொறுத்து மாறும்.

மெடிக்கல்ல யாரோ சொன்னாங்கன்னு "வெள்ளையாக்குற க்ரீம்" வாங்கித் தடவுறீங்களா? ட்யூபைத் திருப்பிப் பாருங்க, பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால்னு இருந்தா அது ஸ்டீராய்டு, மறைக்காம டாக்டர் கிட்ட காட்டுங்க, திடீர்னு நீங்களே நிறுத்தினாலும் முகம் சிவந்து பொரிஞ்சு தள்ளும்.

இப்ப நான் பண்ணின கூத்து. பீலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு கல்யாணம், மேலுதட்டுல த்ரெட்டிங் பண்ணிட்டுப் போயிட்டேன், டாக்டர் கிட்டயும் சொல்லல. பீலுக்கான சாலிசிலிக் ஆசிட் தடவினதும் மத்த இடமெல்லாம் சும்மா குறுகுறுன்னு இருக்க, அங்க மட்டும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிச்சல். நாலு மாசம் மீசை வச்ச மாதிரி பழுப்புக் கோடோட திரிஞ்சேன், வீட்டுல எல்லாரும் பேரு வச்சே கூப்பிட்டாங்க. அதனால த்ரெட்டிங், வாக்ஸிங், ப்ளீச், ஸ்க்ரப், எலுமிச்சம்பழம், கடலை மாவு தேய்க்கிறது எல்லாத்துக்கும் ஒரு வாரம் முன்னாடியே லீவு விட்டுடுங்க.

டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களா சொல்ல வேண்டியது: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறீங்களா இல்ல கொஞ்ச மாசம் முன்னாடி வரை சாப்பிட்டீங்களா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா (வரும்னா முன்கூட்டியே அசைக்ளோவிர் தருவாங்க), ஆஸ்பிரின் ஒத்துக்காதா, தழும்பு தடிச்சு வளர்ற உடம்பா, கர்ப்பமா இருக்கீங்களா. ஆஸ்பிரின் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு சாலிசிலிக் போடவே கூடாது, ரெண்டும் ஒரே குடும்பம்.

பீல் பண்ற அன்னைக்கு மேக்கப் வேணாம், கான்டாக்ட் லென்ஸ் கழட்டிடுங்க, பரு ஏதாவது கிள்ளி புண்ணா இருந்தா முதல்லயே காட்டிடுங்க, அந்த இடத்துல வாசலின் தடவி மூடிட்டுதான் ஆரம்பிப்பாங்க. திரும்பி வர்றப்போ வெயில் இருக்கும், துப்பட்டாவோ குடையோ மறக்காம எடுத்துட்டுப் போங்க.