செட்டிநாட்டு வீட்டு வண்ணக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைக்கு மேலே அரைவட்டமாகவும் ஜன்னலுக்கு மேலே கட்டம் கட்டமாகவும் வண்ணக் கண்ணாடி இருக்கும். அதில் ஒன்று உடைந்துவிட்டால் மொத்தத்தையும் பெயர்த்துப் போட்டுவிட்டு, சாதாரணக் கண்ணாடியில் கலர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய கண்ணாடியில் நிறம் மேலே ஒட்டியது இல்லை, உருக்கும்போதே உலோக ஆக்சைடு சேர்த்து வந்தது, நீலத்துக்கு கோபால்ட், பச்சைக்கு இரும்போ குரோமியமோ. அது வெயிலுக்கு வெளுக்காது. ஸ்டிக்கர் வெளுத்து, ஓரம் சுருண்டு வந்துவிடும்.

சர்ச் ஜன்னல்களில் துண்டுகளை ஈயப்பட்டையில் கோத்துப் பற்றவைத்திருப்பார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தேக்குச் சட்டத்தில் வைத்து, கண்ணாடி விழாமல் சுற்றிலும் மரபீடிங், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்திருப்பார்கள். அதனால் பொறுமை இருந்தால், கூட ஓர் ஆசாரியை வைத்துக்கொண்டு நீங்களே சரிசெய்யலாம்.

வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால் கை வைப்பதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பாதியில் ஆட்சேபம் வந்தால் நிலைக்கு மேலே ஓட்டையோடு நிற்கும்.

முதலில் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். பீடிங்கைச் சுத்தியலால் தட்டக் கூடாது, மெல்லிய பட்டிக் கத்தியை இடுக்கில் விட்டு ஆணி இருக்கும் இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பட்டி (putty) பழசானால் கல்லாகிப்போயிருக்கும், அதைச் சுரண்டித்தான் எடுக்கணும், சூடு காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும் துடைக்க, ஆசிட் வேண்டவே வேண்டாம். பூவோ உருவமோ வரைந்திருக்கும் பக்கத்தில் துணியே படக் கூடாது.

சரி, மாற்றுக் கண்ணாடி எங்கே கிடைக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் முதலில் தேடுங்கள். இடித்த வீட்டுக் கண்ணாடி கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை, அந்தக் குமிழியும் லேசான நெளிவும் புதுசில் வராது. உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் வானத்துக்கு நேராகப் பிடித்து ஒப்பிடுங்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓரத்தையும் பாருங்கள். சில கண்ணாடியில் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய நிறப்படலம் மட்டும் இருக்கும், அதை வெள்ளைப் பக்கம்தான் கீற வேண்டும். பூப்போட்ட, சொரசொரப்பான கண்ணாடி என்றால் வழவழப்பான பக்கம்.

வெட்டுவதுதான் கைப்பழக்கம் கேட்கிற வேலை. கட்டர் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. சர்ரென்று சீராகச் சத்தம் வரணும். அதே கோட்டில் இரண்டாம் தடவை ஓட்டினால் கட்டரும் போச்சு, வெட்டும் கோணிக்கொள்ளும். கீறிய கையோடு உடைத்துவிடுங்கள். உள்வளைவை ஒரே வெட்டில் எடுக்க முடியாது, சின்னச் சின்னப் பிறைகளாகக் கீறி ஒவ்வொன்றாகக் குறட்டால் எடுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் நன்றாகப் பழகிவிட்டு அப்புறம் வண்ணத்தைத் தொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு கட்டாயம்.

அளவு எடுக்கும்போது சட்டத்தைவிட நாலு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பும். இடம் விடாமல் இறுக்கினால் கண்ணாடிதான் உடையும்.

சாக் பவுடரில் (chalk) ஆளிவிதை எண்ணெய் விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்தால் பட்டி தயார். சட்டத்தில் மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்தி உட்கார வைத்து, பழைய பீடிங்கையே திரும்ப அடியுங்கள். பழைய தேக்கில் நேரே ஆணி அடித்தால் பிளக்கும், முன்னாடியே துளை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டி இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை வார்னிஷ் வேண்டாம். கல்யாணத் தேதி குறித்த பிறகு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், ஆசாரியை அவசரப்படுத்தினால் நல்லா இருக்கிற கண்ணாடியும் உடையும்.

ஈயப்பட்டையில் புதுசாகச் செய்ய ஆசை இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு வாய் காபிகூடக் குடிக்காதீர்கள். மிச்சமான துண்டுகளை எறியாமல், எந்த ஜன்னலுக்கானது என்று எழுதிப் பரணில் வையுங்கள்.