ஓப்பலில் சிற்பம்: கல்லைக் கெடுக்கும் தவறுகள்

நான் முதன்முதலாக வாங்கிய கச்சா ஓப்பல், தண்ணீர் நிரம்பிய சிறு கண்ணாடிக் குப்பிக்குள் கிடந்தது. குப்பியைத் திருப்பத் திருப்ப உள்ளே சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தன. அன்றைக்கே வெளியே எடுத்து வேலையைத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் அது ஓர் இலையாகிவிட்டது. மூன்றாம் மாதம் பார்த்தபோது இலை முழுக்கச் சிலந்தி வலைபோல் விரிசல். கீழே விழவில்லை, யாரும் தொடவில்லை. மேசைமேல் வைத்த இடத்திலேயே வெடித்திருந்தது.

ஓப்பல் என்பது சிலிக்காவும் நீரும் சேர்ந்த கல். எடையில் பொதுவாக 3 முதல் 10 விழுக்காடு வரை நீர் இருக்கும். பூமிக்குள் ஈரத்தில் கிடந்தது வெளிக்காற்றுக்கு வந்ததும் சில கற்கள் அந்த நீரை இழந்து சுருங்குகின்றன, சுருங்கும்போது பிளக்கின்றன. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் வர்ஜின் பள்ளத்தாக்குக் கற்கள் இதற்குப் பேர்போனவை. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் கற்கள் பெரும்பாலும் உறுதியானவை. ஆனால் எந்தச் சுரங்கத்தின் பெயரும் உங்கள் கையில் இருக்கும் ஒரு கல்லுக்கு உத்தரவாதம் ஆகாது. தண்ணீரில் போட்டு விற்கும்போது கல் உலராமல் இருக்கிறது என்பது ஒருபுறம். ஏற்கெனவே இருக்கும் விரிசலுக்குள்ளும் நீர் புகுந்து அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது என்பது மறுபுறம். ஆகவே வாங்கிய கல்லை உடனே செதுக்காதீர்கள். வெயில் படாத அலமாரியில் குறைந்தது ஆறு மாதம் உலர விடுங்கள். வெடிக்கிற கல் அலமாரியிலேயே வெடிக்கட்டும். கல்லுக்குக் கொடுத்த பணம் போகும், உழைப்பாவது மிஞ்சும்.

அடுத்த தவறுதான் என் கணக்கில் மிகப் பெரியது: உருவத்தை முதலில் முடிவு செய்துகொண்டு கல்லிடம் போவது. கருங்கல்லில் அது சரி. அங்கே கல்லின் எந்தப் பகுதியும் மற்றப் பகுதியைப் போன்றதுதான். ஓப்பலில் அப்படியில்லை. அதன் நிறம் சாயத்தால் வருவதல்ல. 1964ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் காரணம் தெளிவானது. கடையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களைப் போல, ஒரே அளவுள்ள நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 150 முதல் 300 நானோமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டைகளின் அடுக்கில் ஒளி பட்டுச் சிதறும்போது நிறம் பிறக்கிறது. சிறிய உருண்டைகள் நீலத்தை மட்டும் தரும். பெரியவை சிவப்பு வரை தரும். அடுக்கு ஒழுங்கில்லாத இடத்தில் அதே சிலிக்கா வெறும் சாம்பல் அல்லது பால் நிறத்தில் உயிரற்றுக் கிடக்கும். இதைத் தொழிலில் ‘பாட்ச்’ என்பார்கள். உயிருள்ள வண்ணப் பட்டை பல கற்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் மயிலின் கழுத்து வளைவு அந்தப் பட்டையை வெட்டிக்கொண்டு போனால், கழுத்து கிடைக்கும், மயிலின் நிறம் தூளாகத் தொட்டியில் கிடக்கும்.

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு விளக்கின் கீழ் கல்லை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே மெலிகிறது, எங்கே மணல் புள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பதற்கு மை பேனா வேண்டாம். மை நுண்துளைகளிலும் விரிசலிலும் இறங்கிவிடும். கூராக்கிய அலுமினியக் கம்பி போதும், அந்தக் கோடு தண்ணீரிலும் அழியாது. பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நிறத்தைத் தேடுங்கள். வாளால் நடுவில் பிளந்து பார்க்கும் அவசரம் எத்தனையோ நல்ல கற்களை வீணாக்கியிருக்கிறது. நிறம் தலைகாட்டிய கணத்திலேயே சொரசொரப்பான முனையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வின்டன், குவில்பி பகுதிகளில் கிடைக்கும் போல்டர் ஓப்பலில் இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. பழுப்பு நிற இரும்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் ஓப்பல் மெல்லிய நரம்பாக, மேடும் பள்ளமுமாக ஓடும். மேற்பரப்பைச் சமதளமாக்கப் பார்த்தால் மேடெல்லாம் அறுபட்டு இரும்புக்கல் வெளியே தெரியும். அந்த அலையை அலையாகவே பின்தொடர வேண்டும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இந்தக் கல்லைத்தான், ஏனென்றால் பின்னால் இருக்கும் இரும்புக்கல் ஓப்பலைத் தாங்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் இடார் நகரில் பிறந்து லண்டனில் வேலை செய்த வில்ஹெல்ம் ஷ்மிட், 19ஆம் நூற்றாண்டிலேயே ஓப்பலில் புடைப்பு முகங்களைச் செதுக்கியபோது தாய்ப்பாறையைக் கழித்துவிடவில்லை. முகத்தை ஓப்பலிலும் பின்புலத்தைப் பாறையிலும் அமைத்தார்.

நிறத்துக்குத் திசையும் உண்டு. ஓரத்தில் கோடாகத் தகதகப்பது மேலிருந்து பார்த்தால் மங்கலாக இருக்கலாம். எல்லாப் பக்கமும் ஒரேபோல் ஒளிரும் சிற்பத்தை எதிர்பார்ப்பது வீண். எந்த முகம் பார்வைக்கு, எது நிழலுக்கு என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை: கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் ஓப்பலின் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான். எளிதில் சில்லுப் பெயரும். மெல்லிய விரல்கள், நீட்டிய கொம்பு, கூரான உள்மூலை ஆகியவை அதற்குப் பொருந்தாது. உள்மூலையைச் சற்றே வளைத்து விட்டால் விரிசல் அங்கிருந்து கிளம்புவது குறையும். மெருகு முனை நுழைய முடியாத குழியை ஒருபோதும் தோண்டாதீர்கள்.

சூட்டை அலட்சியம் செய்வது அடுத்தது. வைர முனை சுழலும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு விநாடி வறண்டாலும் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதித்து, சுற்றியுள்ள குளிர்ந்த கல்லிலிருந்து பிய்த்துக்கொள்ளும். சத்தத்தைக் கவனியுங்கள்: ஈரத்தில் மெல்லக் கரகரக்கும் முனை, வறண்டதும் கிறீச்சிடும். பிடித்துக்கொள்ள வசதியாகக் கல்லைக் குச்சியில் ஒட்ட அரக்கு பயன்படுத்துவோர் கல்லை நேராகச் சுடரில் காட்டுகிறார்கள், அது கூடாது. விளக்கின் கீழ் மெதுவாக வெதுவெதுப்பாக்கி ஒட்டலாம், அல்லது சூடு தேவைப்படாத பசையை நாடலாம். இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது மெருகு நேரம். சீரியம் ஆக்சைடு குழம்பு தடவிய கம்பளிச் சக்கரம் உலரத் தொடங்கும்போது கல்லை இழுத்துப் பிடிக்கும். எல்லா வேலையும் முடிந்து பளபளப்பு வரும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் பல சிற்பங்கள் வெடிக்கின்றன. மெருகுக்கு முன் தேய்க்கும் தூளின் நுண்மை எண்ணில் 600, 1200, 3000 என்று படிப்படியாகப் போங்கள் (எண் கூடக் கூடத் தூள் நுண்ணியதாகும்). ஒவ்வொரு படிக்கும் நடுவில் கல்லையும் கையையும் கழுவுங்கள். தாண்டிய படியின் கீறல் மெருகில் பளிச்சென்று தெரியும்.

எத்தியோப்பியக் கல்லுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வொல்லோ பகுதியில் வேகல் தேனா அருகே 2008இல் கிடைத்த ஓப்பல் இப்போது சந்தையெங்கும் இருக்கிறது. விலையும் குறைவு, நிறமும் அபாரம். ஆனால் அதில் பெரும்பாலானவை நீரை உறிஞ்சும் வகை. வேலை நேரத்தில் தண்ணீர் குடித்துக் கண்ணாடிபோல் தெளிந்துவிடும், நிறம் காணாமல் போகும். கல் கெட்டுவிட்டது என்று பயந்து வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்துபவர்கள் அதைத் தங்கள் கையாலேயே உடைக்கிறார்கள். நிழலில் விடுங்கள், நாட்கணக்கில் நிறம் திரும்பி வரும். தினமும் எடை போட்டுப் பாருங்கள், எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய், சாயம், கை வியர்வை எல்லாவற்றையும் அது உள்ளே இழுக்கும். நிறமுள்ள மெருகுப் பசையை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

கல்லுக்கு நேர்வதைச் சொல்லிக்கொண்டே போகிறேன். நுரையீரல் அதைவிட முக்கியம். ஓப்பல் சிலிக்காதான், தாய்ப்பாறையிலும் சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம், அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. தண்ணீர் தூளை அடக்கும். ஆனால் சுழலும் முனை தெளிக்கும் பனித்துளிகளிலும் தூள் இருக்கிறது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம். மேசையில் காய்ந்துபோன சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மின்சாரம் தாக்காமலிருக்க, முனையைச் சுழற்றும் மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே உயரத்தில் தொங்க விடுங்கள்.

முடித்த சிற்பத்தை எண்ணெயில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. உறுதியான ஆஸ்திரேலியக் கல்லுக்கு அது தேவையில்லை, எத்தியோப்பியக் கல்லை அது பாழாக்கும். நகைகளைக் கழுவும் அதிர்வலைத் (அல்ட்ராசோனிக்) தொட்டியில் கழுவ வேண்டாம், மென்மையான துணியும் வெதுவெதுப்பான நீரும் போதும். எத்தியோப்பியக் கல்லுக்கு உலர்ந்த துணி மட்டும். கண்ணாடிப் பேழையில் வைப்பதானால் சூடாகும் ஹாலஜன் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்கைச் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள்.